மகளைக் காரைக்குடியிலேயே வக்கீலாக்கலாமா என்று கேட்டவருக்கு

ஒரு தந்தை கேட்டிருக்கிறார். மகள் சட்டம் முடித்திருக்கிறாள். காரைக்குடியிலேயே தொழில் செய்கிறேன், வீட்டையும் பார்த்துக்கொள்ளலாம், ஊருக்கும் ஏதாவது செய்யலாம் என்கிறாள். சிறு ஊர் வக்கீலுக்கு வருமானமும் மரியாதையும் உண்டா, குடும்பத்துக்கு நேரம் கிடைக்குமா, பேசாமல் சென்னைக்கே அனுப்பிவிடலாமா என்பது அவர் கேள்வி.

ஊரிலேயே இருக்கட்டும் என்பது என் பதில். காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் பல வருடமாக சிவில் கேஸ் பார்த்து வருகிறவள் என்ற முறையில் சொல்கிறேன். ஆனால் எதற்குத் தயாராக வர வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது உங்கள் மகளுக்கு உதவும். அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

நேரம் கிடைக்கும். அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். கோர்ட் பத்தரை மணிக்கு, வீடு கூப்பிடு தூரத்தில். மதியம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போகலாம். மே மாதம் சிவில் கோர்ட்டுக்கு விடுமுறை, பிள்ளைகளுக்கும் விடுமுறை. காரைக்குடி 2024ல் மாநகராட்சி ஆகிவிட்டாலும் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போக இன்னும் ஒரு வாய்தா கேட்கும் நேரம்கூட ஆகாது.

கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. குடும்பம், தொழில், ஊர் என்று நாம் மூன்றாகச் சொன்னாலும் ஆட்கள் அதே ஆட்கள்தான். காலையில் கேஸ் கட்டோடு வந்தவர் ராத்திரி கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்திருப்பார். கேஸில் எதிர்த் தரப்புக்காரர் உங்கள் சின்னம்மா வீட்டுச் சம்பந்தியாக இருப்பார். அவருடைய வக்கீல் உங்கள் மகளோடு அழகப்பா ஸ்கூலில் படித்தவராக இருப்பார். எதை எடுத்துச் செய்கிறார் என்பதைவிட எதை மறுக்கிறார், எதை வாய் திறக்காமல் வைத்திருக்கிறார் என்பதில்தான் இந்த ஊரில் ஒரு வக்கீல் குடும்பத்துக்கும் ஊருக்கும் உண்மையானவரா என்பது தெரியும். இதை நான் என் சீனியரிடம் கற்றுக்கொண்டேன். அவர் இப்போது இல்லை. அவர் பெயரைச் சொல்வது அவருக்கே பிடிக்காது என்பதால் சொல்லவில்லை. ஆனால் இந்தப் பதில் முழுவதும் அவரைப் பற்றியதுதான்.

முதலில் என்ன மாதிரி வேலை வரும் என்று சொல்கிறேன். எல்லா ஊரையும் போல செக் கேஸ், விபத்து இழப்பீடு, ஜாமீன், ஜீவனாம்சம், கண்மாய்த் தண்ணீர்த் தகராறு, வரப்புத் தகராறு எல்லாம் உண்டு. செட்டிநாட்டுக்கே உரியது வீட்டுப் பாகம். வெளியூர்க்காரர்கள் ஆத்தங்குடித் தளத்தையும் பர்மாத் தேக்குத் தூணையும் படம் எடுத்துவிட்டுப் போகிறார்கள். அந்த வீட்டுக்குள் எத்தனை பேருக்குப் பங்கு இருக்கிறது என்று வக்கீலுக்குத்தான் தெரியும்.

கணக்கு இப்படி. நகரத்தார் வழக்கத்தில் கல்யாணமான ஒவ்வொரு மகனும் ஒரு புள்ளி. வளவை, அதாவது வீட்டின் நடு முற்றத்தைச் சுற்றியுள்ள அறைகள் புள்ளிக்கு ஒன்றாகப் பிரிந்திருக்கும். கட்டிய ஐயா கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வியாபாரம் செய்யப் போய்ச் சம்பாதித்தது பர்மாவிலோ மலாயாவிலோ இலங்கையிலோ இருக்கும். அவர் காலத்தில் நான்கு மகன்கள் என்றால் நாலு புள்ளி. மூன்று தலைமுறை கழித்து அது முப்பது நாற்பது பேராகி, பாதிப்பேர் சென்னையிலும் கோயம்புத்தூரிலும், மீதிப்பேர் கோலாலம்பூர், சிங்கப்பூர், அமெரிக்காவிலும் இருப்பார்கள். வீட்டின் பின்கட்டில் ஒரு வயதான ஆச்சி மட்டும் தனியாக இருப்பார். கூரை ஒழுகும். ஓடு மாற்ற யாரிடம் பணம் கேட்பது என்று தொடங்கும் பேச்சு பாக வழக்கில் வந்து நிற்கும்.

கூட்டு அனுபோகத்தில் இருப்பதாகச் சொல்லிப் போடும் பாக வழக்குக்குச் சொத்து மதிப்பின்படி கோர்ட் கட்டணம் கிடையாது, குறிப்பிட்ட ஒரு சிறு தொகைதான். அதனால் வழக்குப் போடுவது மலிவு. நடத்துவதுதான் செலவு. வெளிநாட்டில் இருக்கும் பிரதிவாதிக்குச் சம்மன் கொண்டுசேர்க்கவே மாதக்கணக்கில் ஆகும். நடுவில் ஒருவர் இறந்தால் 90 நாளைக்குள் அவருடைய வாரிசுகளைச் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் அவரைப் பொறுத்தவரை வழக்கு அற்றுப்போகும். முப்பது பிரதிவாதிகளில் பலர் எழுபதைத் தாண்டியவர்கள். ஒரு துக்க வீட்டுக்குப் போய் மாலை போட்டுவிட்டு வந்து, அன்று சாயங்காலமே அவர் பிள்ளைகளின் பெயரை மனுவில் எழுத வேண்டிய தொழில் இது. யாருக்கு எவ்வளவு பங்கு என்று சொல்லும் முதல்நிலைத் தீர்ப்பாணை வாங்கிய பிறகும், அதைப் பிரித்துக் கொடுக்கும் இறுதித் தீர்ப்பாணைக்குத் தனியாக மனுப் போட வேண்டும், கோர்ட் நியமிக்கும் ஆணையர் வந்து அளக்க வேண்டும். ஒரு வளவை முப்பதாகப் பிரிக்க முடியாது என்று எல்லோருக்கும் தெரியும். 1893ஆம் வருடத்துப் பாகப்பிரிவினைச் சட்டத்தில் அதற்கு வழி உண்டு. பாதிக்குக் குறையாத பங்கு உள்ளவர்கள் கேட்டால், விற்றுப் பணமாகப் பிரிக்கக் கோர்ட் உத்தரவு போடலாம். வெளியாள் ஒருவர் ஒரு பங்கை வாங்கிக்கொண்டு பாகம் கேட்டு வந்தால், குடும்பத்தார் அந்தப் பங்கை மதிப்புப் போட்டுத் தாங்களே வாங்கிக்கொள்ளலாம். இந்தப் பிரிவைத் தெரிந்து வைத்திருக்கும் வக்கீல் பல வீடுகளைக் காப்பாற்றியிருக்கிறார். தெரியாததால் பழைய மரச்சாமான் கடைக்குப் போன தூண்களும் நிலைகளும் ஏராளம்.

ஒரு வீட்டுக்கு நான் ஆணையராகப் போயிருந்தேன். தேவகோட்டைப் பக்கத்துக் கிராமம். வளவைச் சுற்றி இரட்டை அறைகள், ஒவ்வொன்றுக்கும் தனிப் பூட்டு. ஒரு அறைச் சாவி கோலாலம்பூரிலிருந்து ஆள் மூலம் வர வேண்டியிருந்தது. திறந்தால் உள்ளே பித்தளை அண்டா, தவலை, எனாமல் கேரியர், மங்கு ஜாடி, கல்யாணத்துக்கு வந்து ஒரு தடவைகூட அடுப்பில் ஏறாத பாத்திரங்கள். எது யாருடையது என்று இரண்டு பக்கமும் சண்டை. வாதியின் வக்கீல் ஒரு பட்டியல் கொடுத்தார், பிரதிவாதியின் வக்கீல் ஒரு பட்டியல் கொடுத்தார். இரண்டும் பொருந்தவில்லை. அப்போது குமாஸ்தா ஒரு தவலையைத் திருப்பி விளிம்பில் வெட்டியிருந்த விலாசத்தைத் துடைத்துக் காட்டினார். பெண் வீட்டு விலாசம். அப்புறம் ஒவ்வொரு பாத்திரமாகத் திருப்பி, விலாசத்தைப் படித்துப் படித்துத்தான் பட்டியல் எழுதினோம். எந்த மருமகள் எந்த வீட்டிலிருந்து எதைக் கொண்டு வந்தாள் என்பது பாத்திரத்திலேயே இருந்தது. அவர்களில் இருவர் உயிரோடு இல்லை.

பின்கட்டிலிருந்து ஆச்சி வந்து எல்லோருக்கும் மோர் கொடுத்தார். வாதிக்கும் பிரதிவாதிக்கும் சேர்த்துத்தான். அப்புறம் என் பக்கத்தில் உட்கார்ந்து, "வீட்டை வித்துட்டா படைப்பை எங்க ஆத்தா வச்சுப் படைக்கிறது?" என்று கேட்டார்.

படைப்பு தெரியாதவர்களுக்காக: குடும்பத்தில் வாழ்ந்து மறைந்த முன்னோரைத் தெய்வமாக வைத்துப் பங்காளிகள் கூடிச் சேலை வேட்டி வைத்துப் படைப்பது. அதற்கென்று ஒரு வீடு இருக்கும். வழக்கு எண்ணில், சொத்து விவரத்தில், அளவு படத்தில் எங்கேயும் அது இல்லை. ஆனால் அந்த வீட்டின் உண்மையான வழக்கே அதுதான் என்று எனக்கு அப்போது புரிந்தது. பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்தபோது அங்கிருந்துதான் தொடங்கினார்கள். பின்னால் இருந்த காலி மனையையும் தோட்டத்தையும் பிரித்துக்கொண்டார்கள். அறைகள் அவரவருக்கு. முகப்பும் வளவும் பொது. கல்யாணம், அறுபதாம் கல்யாணச் சாந்தி, துக்கம், படைப்பு எதுவானாலும் எந்தப் புள்ளியும் வந்து நடத்தலாம். பங்கை விற்பதானால் முதலில் பங்காளிக்குச் சொல்ல வேண்டும். பராமரிப்புக்குப் புள்ளிக்கு இவ்வளவு என்று ஒரு கணக்கு. இவ்வளவையும் சமரச மனுவில் எழுதிக் கொடுத்து, அதன்படியே தீர்ப்பாணை ஆனது. கோர்ட் தானாக இப்படி ஒரு தீர்ப்பு எழுத முடியாது. கட்சிக்காரர்களின் வீட்டு வழக்கம் தெரிந்த வக்கீல்கள் இரண்டு பக்கமும் இருந்தால் எழுதலாம். உங்கள் மகள் சென்னையில் இருந்தால் எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும் படைப்பு என்ற சொல் அவள் காதில் விழவே வாய்ப்பில்லை. ஊரில் இருக்கட்டும் என்று நான் சொல்வதற்கு இதுதான் பெரிய காரணம்.

இன்னொன்று, பிள்ளை கூட்டிக்கொள்வது. ஆண் பிள்ளை இல்லாத வீட்டில் புள்ளி அற்றுப்போகக் கூடாது என்று அதே கோவில் பிரிவிலிருந்து, அதாவது ஒரே கோவிலைச் சேர்ந்த பங்காளிகளிலிருந்து ஒருவரைச் சுவீகாரம் எடுப்பார்கள். குழந்தைதான் என்றில்லை, வளர்ந்து கல்யாணமானவரையும் கூட்டிக்கொள்வார்கள். 1956ஆம் வருடத்துச் சுவீகாரச் சட்டம், 15 வயது முடிந்தவரையும் கல்யாணமானவரையும் எடுக்கக் கூடாது என்கிறது. ஆனால் சமூகத்தில் அப்படி ஒரு வழக்கம் இருந்தால் செல்லும் என்று அதே பிரிவில் விலக்கும் கொடுத்திருக்கிறது. அந்த வழக்கத்தைக் கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும். பதிவு செய்த சுவீகாரப் பத்திரம் இருந்தால் பாதிச் சண்டை வராது. சடங்கு விமரிசையாக நடந்திருக்கும், சாப்பாடு போட்டிருப்பார்கள், போட்டோ எடுத்திருப்பார்கள், பத்திரம் மட்டும் எழுதியிருக்க மாட்டார்கள். என் சீனியர் இந்த மாதிரி விசேஷத்துக்கு அழைப்பு வந்தால் போகும்போதே, "பத்திரம் எழுதியாச்சா?" என்று கேட்டுவிடுவார். அதற்கு ஃபீஸ் வாங்கியதில்லை.

பெண் பிள்ளைகளின் பங்கு விஷயத்தில் அவர் காட்டிய கண்டிப்பை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. சட்டம் என்ன சொல்கிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பரம்பரைச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சமப் பங்கு என்று தமிழ்நாடு 1989லேயே திருத்தம் கொண்டுவந்தது. ஆனால் 1989 மார்ச் 25க்கு முன் கல்யாணமான பெண்களுக்கு அது பொருந்தவில்லை. 2005 செப்டம்பர் 9ல் நடைமுறைக்கு வந்த மத்தியத் திருத்தத்தில் அந்தத் தடை இல்லை. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் தீர்த்துவிட்டது. 2004 டிசம்பர் 20க்கு முன்பே பதிவுப் பத்திரம் மூலமோ கோர்ட் தீர்ப்பாணை மூலமோ பாகம் பிரித்திருந்தால் அதை மறுபடி திறக்க முடியாது.

இதெல்லாம் தெரிந்தே பல பெண்கள் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து அண்ணன் தம்பிக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கிறார்கள். பாசத்தில் கொடுக்கிறவர்களும் உண்டு. அடுத்த பொங்கலுக்குப் பிறந்த வீட்டுப் படி ஏற வேண்டுமே என்று கொடுக்கிறவர்களும் உண்டு. சீனியர் அந்தப் பெண்ணின் அண்ணன் தம்பிகளைக் காபி சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லி அனுப்பிவிடுவார். அறையில் அந்த அம்மாவும் அவரும் குமாஸ்தாவும் மட்டும். பத்திரத்தை வரி வரியாகப் படித்துக் காட்டி, உங்கள் பங்கின் இன்றைய மதிப்பு இவ்வளவு என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அவர் கையில் கொடுப்பார். "இப்போ சொல்லுங்க ஆத்தா, மனசாரத்தானே?" என்பார். பெரும்பாலும் மனசாரத்தான் என்பார்கள். சிலர் சீட்டை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து போயிருக்கிறார்கள். அதனால் அவருக்குச் சில பெரிய வீட்டுக் கட்சிக்காரர்கள் போனார்கள். அவர் அந்த வழக்கத்தை விடவில்லை. நானும் விடவில்லை. குடும்பத்துக்குள் எழுதும் விடுதலைப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை ஒரு சதவீதம்தான், அதிகபட்சம் 40,000 ரூபாய். செலவு குறைவு என்பதாலேயே அவசரமும் அதிகம். அந்த அவசரத்தைக் கொஞ்சம் தாமதப்படுத்துவது வக்கீலின் கடமை என்று நான் நம்புகிறேன்.

அதே மாதிரிதான் வயதானவர்கள் எழுதும் செட்டில்மென்ட். பெரிய வீட்டில் தனியாக இருக்கும் அப்பச்சியோ ஆச்சியோ இருக்கிற ஒரே மனையைப் பிள்ளைக்கு எழுதி வைக்க வருவார்கள். கடைசிவரை பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். 2007ஆம் வருடத்து மூத்த குடிமக்கள் சட்டத்தில், அந்த நிபந்தனையை மீறினால் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். இந்தப் பக்கத்துக்காரர்கள் தேவகோட்டைக் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்க வேண்டும். நிபந்தனை எழுதாமல் விட்டுவிட்டால் போராட்டம் பெரிது. "பெத்த பிள்ளைமேல நம்பிக்கை இல்லையான்னு நெனச்சுக்குவானே" என்று தயங்குவார்கள். வக்கீல்தான் எழுதச் சொன்னார் என்று எங்கள்மேல் போடுங்கள் என்பேன். ஊர் வக்கீல் சுமக்க வேண்டிய பழிகளில் இது நல்ல பழி.

மலேசியா, சிங்கப்பூர், அமெரிக்கா என்று பரவிப்போன குடும்பங்களுக்குப் பவர் பத்திர வேலை நிறைய வரும். அங்கே இந்தியத் தூதரகத்தில் கையெழுத்துச் சான்று வாங்கி அனுப்பினாலும், இங்கே வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். பலர் அதை விசேஷத்துக்கு ஊருக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று பீரோவில் வைத்துவிடுவார்கள். உங்கள் மகள் தொடக்கத்தில் பார்க்கப்போவது இந்த மாதிரி வேலைதான். பெயர் வராது, ஆனால் குடும்பங்களின் நம்பிக்கை வரும்.

இனி மறுப்பதைப் பற்றி. பார் கவுன்சில் விதிகளில் சில நேராகவே இருக்கின்றன. ஒரு தரப்புக்கு ஆலோசனை சொன்ன விஷயத்தில் எதிர்த் தரப்புக்கு ஆஜராகக் கூடாது. தனக்கே பங்கு உள்ள விஷயத்தில் ஆஜராகக் கூடாது. ஜெயித்தால் இவ்வளவு என்று பங்கு பேசக் கூடாது. கட்சிக்காரர் சொன்ன ரகசியத்தை வெளியே விடக் கூடாது. பெரிய ஊரில் இவை புத்தகத்தில் இருக்கும் விதிகள். இங்கே தினமும் வாசல்படியில் வந்து நிற்கும். கோவில் வாசலில் ஒருவர், "ஒரு சின்னச் சந்தேகம் ஆத்தா" என்று ஆரம்பிப்பார். இரண்டு நிமிடம் கேட்டுவிட்டால் போதும், நாளை அவருடைய தம்பி வந்தால் அந்தக் கேஸை எடுக்க முடியாது. அதனால் நின்றுகொண்டு பேசும் சட்டப் பேச்சை நிறுத்திவிட வேண்டும். "ஆபீசுக்கு வாங்க, உட்கார்ந்து பேசுவோம்" என்ற ஒரு வரி போதும்.

சொந்தக்காரர்களின் கேஸைப் பற்றிச் சீனியர் வைத்திருந்த வழக்கம் இது: இரண்டு பக்கமும் சொந்தம் என்றால் இரண்டு பக்கமும் இல்லை. இருவரையும் கூப்பிட்டு ஒரு தடவை பேசிப் பார்ப்பார். முடியவில்லை என்றால் இரண்டு பேருக்கும் நல்ல வக்கீல் பெயர் சொல்லி அனுப்பிவிட்டு, அதோடு அந்தப் பேச்சை விட்டுவிடுவார். அப்புறம் இரண்டு வீட்டு விசேஷத்துக்கும் போவார், மொய் எழுதுவார். கல்யாணம் நிச்சயமான வீட்டுக்குக் காலக்கெடு நெருக்காதவரை நோட்டீஸ் அனுப்ப மாட்டார். கட்சிக்காரர் அவசரப்பட்டால், தாலி கட்டி முடியட்டும், உங்கள் உரிமை எங்கேயும் போகாது என்பார். நீதிமன்ற வளாகத்தில் எதிர் வக்கீலோடு கடுமையாக வாதாடிவிட்டு அதே கேண்டீனில் அவரோடு டீ குடிப்பார். புதிய கட்சிக்காரர்களுக்கு அது சந்தேகத்தைக் கொடுக்கும். இரண்டு பேரும் ஒன்று சேர்ந்துவிட்டார்களோ என்று நினைப்பார்கள். போகப் போகப் புரிந்துகொள்வார்கள். அந்த டீ இல்லாத ஊரில் சமரசமே நடக்காது.

சமரசம் என்றதும் இன்னொன்று. பணக் கேஸில் கட்டிய கோர்ட் கட்டணம் சமரசமானால் திரும்பக் கிடைக்கும். மக்கள் நீதிமன்றத்தில் முடிந்தால் மட்டுமல்ல, கட்சிக்காரர்கள் தாங்களே வெளியே பேசி முடித்துக்கொண்டாலும் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2021ல் சென்னை உயர் நீதிமன்றம் சம்பந்தப்பட்ட ஒரு வழக்கிலேயே சொல்லிவிட்டது. பலருக்கு இது தெரியாமல் பணத்தை விட்டுவிடுகிறார்கள். மக்கள் நீதிமன்றத் தீர்வுக்கு மேல்முறையீடு கிடையாது என்பதையும் கையெழுத்துக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

குடும்பத்தில் இதன் தாக்கம் எப்படி என்று கேட்டால், வீட்டில் இருப்பவர்களும் பாதி வக்கீல் ஆகிவிடுகிறார்கள். என் பிள்ளைகள் சின்ன வயதிலேயே, ஆபீஸ் அறையில் யாரைப் பார்த்தார்கள் என்று வெளியே சொல்லக் கூடாது என்று பழகிவிட்டார்கள். மாமியாரிடம் தெருவில் யாராவது, "மருமக என்ன சொல்றா, கேசு யாரு பக்கம்?" என்று கேட்டால், "அது அவ ஆபீசு, எனக்கு அடுப்படி" என்று முடித்துவிடுவார். அவருக்கு எல்லாம் தெரியும். அந்த வாயடக்கத்துக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். ராத்திரி ஸ்டேஷனிலிருந்து போன் வரும். விசேஷ வீட்டில் சாப்பிட விடமாட்டார்கள். அதெல்லாம் உண்டு. ஆனால் பிள்ளைகளின் பள்ளி ஆண்டு விழாவுக்கும் போகலாம், கொப்புடையம்மன் தேருக்கும் நிற்கலாம், குன்றக்குடிப் பங்குனி உத்திரத்துக்கும் போகலாம், கம்பன் விழாவில் சாயங்காலம் உட்கார்ந்து கேட்கலாம். சா. கணேசன் 1939ல் தொடங்கிவைத்த அந்த விழாவின் பார்வையாளர் வரிசையில் கறுப்புக் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு வந்த வக்கீல்களை எப்போதும் பார்க்கிறேன். கேட்ட செய்யுளை மறுநாள் பார் அறையில் விவாதிப்பார்கள்.

ஊருக்குச் செய்வது என்று உங்கள் மகள் சொன்னது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. இந்த ஊரில் சட்டம் படித்தவர்களிடம் அதை எதிர்பார்ப்பது பழைய வழக்கம். வள்ளல் அழகப்பர் லண்டனில் பாரிஸ்டர் படித்தவர்தான். 1947ல் இங்கே கல்லூரி தொடங்கினார், மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். எல்லோரும் அழகப்பர் ஆக முடியாது. வக்கீல் செய்யக்கூடியது வேறு. கோவில் அறக்கட்டளை, பள்ளி டிரஸ்ட், சத்திரம் என்று இந்தப் பக்கத்தில் பொதுச் சொத்துகள் ஏராளம். அவற்றின் சாசனம், கணக்கு, வாடகை ஒப்பந்தம் ஒழுங்காக இருக்கிறதா என்று கூலி வாங்காமல் பார்த்துக் கொடுப்பது பெரிய உதவி. கணக்கு தவறினால் இரண்டு பேர் சேர்ந்து கோர்ட் அனுமதியோடு வழக்குப் போடச் சட்டத்தில் இடம் உண்டு. அதற்கு முன்பே சரிசெய்ய வைப்பது நல்லது. வட்ட சட்டப் பணிகள் குழுவில் பெயர் கொடுக்கட்டும். பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு என்று கிராமங்களில் இன்னும் தெரியவில்லை.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஊர் என்றால் சொந்த சாதி, சொந்தத் தெரு என்று சுருக்கிக்கொள்ளக் கூடாது. தேவகோட்டைக்குப் பக்கத்தில் கண்டதேவித் தேர், வடம் பிடிக்கும் உரிமைப் பிரச்சினையில் பல வருடம் ஓடாமல் நின்றது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவுகளுக்குப் பிறகு 2024 ஜூனில் ஓடியது. நான் அந்த வழக்குகளில் இல்லை. ஆனால் அப்படிப்பட்ட வழக்கில் வக்காலத்து போடும் வக்கீலுக்கு மறுநாள் தெருவில் கிடைக்கும் பார்வை என்ன என்று எனக்குத் தெரியும். சிலர் பேசாமல் போவார்கள், சில கட்சிக்காரர்கள் கட்டைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். உங்கள் மகள் ஊருக்குச் செய்கிறேன் என்று சொல்லும்போது அந்தப் பார்வைக்கும் சேர்த்துத்தான் தயாராக வேண்டும். பாராட்டு விழாவில் சால்வை வாங்குவது மட்டும் ஊர்ப் பணி என்றால் நான் வரச் சொல்ல மாட்டேன்.

பெண் என்பதால் வரும் சங்கடத்தையும் மறைக்க விரும்பவில்லை. முதல் சில வருடம் ஜீவனாம்சம், விவாகரத்துக் கட்டுகள்தான் கொடுப்பார்கள். நிலக் கேஸ் என்றால், "அளக்கப் போறது வக்கீலம்மாவால முடியுமா?" என்பார்கள். போய் வெயிலில் நின்று சர்வேயரோடு அளந்துவிட்டு வந்தால் அந்தப் பேச்சு நிற்கும். இன்னொரு பக்கம், மேலே சொன்ன அந்த விடுதலைப் பத்திரம் எழுத வரும் பெண்களும், பின்கட்டில் தனியாக இருக்கும் ஆச்சிகளும் எந்த ஆண் வக்கீலிடமும் சொல்லாததை அவளிடம் சொல்வார்கள்.

வருமானம். முதல் மூன்று நான்கு வருடம் கஷ்டம். ஜூனியர்களுக்கு மாதம் 15,000 ரூபாய் உதவித்தொகை கொடுக்க வேண்டும், சென்னை, மதுரை, கோவையில் 20,000 என்று உயர் நீதிமன்றம் 2024 ஜூனில் சொன்னது. எல்லா சீனியர்களும் கொடுப்பதில்லை. சேரும்போதே கேட்டுவிடுங்கள், கேட்பதில் வெட்கமில்லை. அதுவரை வீட்டில் சாப்பாடும் தங்குமிடமும் இருப்பது ஊரில் தொடங்குபவர்களுக்குப் பெரிய பலம். அப்புறம் நிதானமாக வளரும். சென்னை மூத்த வக்கீல்களின் தொகையெல்லாம் இங்கே வராது. ஆனால் கடன் இல்லாமல் வீடு கட்டி, பிள்ளைகளைப் படிக்க வைத்து, கோவிலுக்கும் நாலு காசு கொடுக்கலாம். சிலர் ஃபீஸுக்குப் பதில் தேங்காயும் புளியும் கொண்டு வருவார்கள். வாங்கிக்கொள்ளட்டும், ஆனால் கணக்கில் எழுதி வைக்கட்டும்.

செய்ய வேண்டியது இப்போது இவ்வளவுதான். பார் கவுன்சிலில் வக்கீலாகப் பதிவு செய்யும் கட்டணம் பொதுப் பிரிவுக்கு 750 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் சொல்லிவிட்டது. பதிவு செய்துகொண்டு, இரண்டு வருடத்துக்குள் அகில இந்திய பார் தேர்வை எழுதி முடிக்கட்டும். சிவில் நீதிபதித் தேர்வு எழுதும் எண்ணம் இருந்தால் மூன்று வருடத் தொழில் அனுபவம் வேண்டும் என்று 2025 மே மாதத் தீர்ப்பு. அந்த மூன்று வருடத்தை இங்கே கழிப்பதைப் போன்ற பயிற்சி வேறு இல்லை. சிவில் பார்க்கும் ஒரு சீனியரிடம் சேரட்டும். சேர்வதற்கு முன் அவருடைய எதிர் வக்கீல்களிடம் அவரைப் பற்றி விசாரியுங்கள். கட்சிக்காரர்களைவிட அவர்கள் சரியாகச் சொல்வார்கள். திருமயம் கோர்ட்டுக்கும் சிவகங்கை மாவட்டக் கோர்ட்டுக்கும் போய்வரப் பழகட்டும். கோனாபட்டு, ராயவரம் பக்கத்து வீட்டுக் கேஸ்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில் வரும். பழைய பத்திரங்களின் கையெழுத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளட்டும். ஐந்தொகை, பேரேடு, நடப்பு வட்டி என்ற பழைய செட்டிநாட்டுக் கணக்குகளைப் படிக்கத் தெரிந்த வயதான கணக்குப்பிள்ளைகள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரிடம் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்காரட்டும். அவர்கள் காலத்துக்குப் பிறகு அந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுக்க ஆள் கிடைக்காது, அதனால் தேர்வு முடியட்டும் என்று தள்ளிப்போட வேண்டாம்.